மூச்சைப் பார்த்துப் பூனை வாங்குங்கள்

வாசகர் கேள்விகளுக்கு சிவகாசி கால்நடை மருத்துவரின் பதில்கள்

கே: எங்கள் அச்சகத்தில் பேப்பர் கட்டுகளை எலி கடித்து நாசம் செய்கிறது. பூனை வளர்க்கலாம் என்றால் மகள் பர்ஷியன்தான் வேண்டும் என்கிறாள். எலி பிடிக்குமா?
– எஸ்.கே., திருத்தங்கல்

ப: அதை நம்பி வாங்காதீர்கள். அந்த வேலைக்கு நாட்டுப் பூனை போதும். பூனை வந்த பிறகு குடோனில் எலி மருந்து வைக்கக் கூடாது. மருந்து தின்ற எலியைத் தின்றால் பூனையும் போய்விடும்.

கே: பர்ஷியன் குட்டிக்கு கே.சி.ஐ. சர்டிபிகேட் தருவதாக விற்பவர் சொல்கிறார். ஒரிஜினல்தானா?
– ஆர்., விருதுநகர்

ப: அந்த ஆளிடம் வாங்காதீர்கள். கே.சி.ஐ. சென்னையில் இருக்கும் நாய்ச் சங்கம். பூனைக்கு வம்சாவளிப் பதிவு தருபவை சி.எஃப்.ஏ., டபிள்யூ.சி.எஃப். போன்ற அமைப்புகள். காகிதத்தைக் கேட்பதற்கு முன், தாய்க்கும் தகப்பனுக்கும் பி.கே.டி. பரிசோதனை செய்தாயிற்றா என்று கேளுங்கள். பர்ஷியன் வம்சத்தில் பரவிக் கிடக்கும் சிறுநீரக நீர்க்கட்டி நோய் அது. பெற்றோரில் ஒன்றுக்கு இருந்தாலே ஒவ்வொரு குட்டிக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. காரணமான மரபணு மாற்றம் 2004-லேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. கன்னத்தின் உட்புறம் பஞ்சால் துடைத்து அனுப்பினால் சோதித்துச் சொல்லிவிடுவார்கள். நோய் வெளியே தெரிய பெரும்பாலும் ஏழு வயது ஆகும். அதற்குள் அந்தக் கடுவன் எத்தனையோ குட்டிகளுக்குத் தகப்பனாகியிருக்கும்.

கே: எங்கள் வெள்ளை பர்ஷியனுக்கு இரண்டு கண்ணும் நீலம். பக்கத்துப் பொட்டலில் சாம்பிள் வெடி போட்டுப் பார்க்கும்போதுகூட அசையாமல் தூங்குகிறது. இவ்வளவு தைரியமான பூனையை நான் பார்த்ததே இல்லை.
– எம்., சாட்சியாபுரம்

ப: அது தைரியம் இல்லை அம்மா, காது கேட்கவில்லை என்றே நினைக்கிறேன். முழு வெள்ளையும் நீலக் கண்ணும் சேர்ந்த பூனைகளில் பிறவிச் செவிடு அதிகம். ராஜபாளையம் நாய் வளர்ப்பவர்களைக் கேளுங்கள், பால் வெள்ளைக் குட்டிகளில் செவிடு பிறப்பதை அவர்களும் சொல்வார்கள். பூனை பார்க்காதபோது பின்னால் நின்று தட்டை இன்னொரு தட்டில் தட்டுங்கள். காது மடல் திரும்பாவிட்டால் சந்தேகமே இல்லை. கவலைப்பட வேண்டாம், செவிட்டுப் பூனை நன்றாகவே வாழும். தெருவுக்கு மட்டும் விடாதீர்கள். கூப்பிட வேண்டுமானால் தரையைக் காலால் தட்டுங்கள், அதிர்வில் திரும்பும்.

கே: சயாமீஸ் குட்டி வாங்கும்போது வெள்ளையாக இருந்தது. இப்போது முகமும் காதும் வாலும் கறுத்துக்கொண்டே வருகின்றன. ஏமாந்துவிட்டேனா?
– ஜி., அருப்புக்கோட்டை

ப: இல்லை, நல்ல குட்டிதான். சயாமீஸ் பிறக்கும்போது வெள்ளையாகத்தான் பிறக்கும். அதன் முடிக்கு நிறம் தரும் நொதி குளிர்ந்த இடத்தில்தான் வேலை செய்யும். காது, மூக்கு, பாதம், வால் ஆகியவை உடம்பின் குளிர்ந்த பகுதிகள், அதனால் அங்கே கருமை. கொடைக்கானலில் வளரும் சயாமீஸ் உங்கள் ஊர்ப் பூனையைவிடக் கறுப்பாக இருக்கும். ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: சயாமீஸ் ஓயாமல் கத்திப் பேசும், தனிமை தாங்காது. காலையில் பூட்டிவிட்டு இரவில் திறக்கும் வீட்டுக்கு அது ஆகாது.

கே: 'பஞ்ச் ஃபேஸ்' பர்ஷியனுக்கு 'டால் ஃபேஸை'விட விலை அதிகம். மூக்கு எவ்வளவு உள்ளே போகிறதோ அவ்வளவு உயர்ந்த ஜாதி என்கிறார்கள். தூங்கும்போது குறட்டை விடுவது கொள்ளை அழகு. வாங்கலாமா?
– பி.வி., சாத்தூர்

ப: வாங்காதீர்கள். அந்தக் குறட்டையை அழகு என்று சொல்லவும் சொல்லாதீர்கள், அது மூச்சுக்குப் படும் பாடு.

பஞ்ச் ஃபேஸ் குட்டியை மேசைமேல் வைத்துப் பக்கத்தில் குனிந்து பாருங்கள். மூக்குத் துவாரம் நகத்தால் கீறிய கோடு போல இருக்கும். ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தக் கோடு உள்ளே ஒட்டிக்கொள்ளும், விலா குழிந்து எழும். கண்ணீர்க் குழாய் மடங்கிப்போவதால் கண்ணீர் மூக்கு வழியே இறங்க வழியில்லாமல் கன்னத்தில் வழிந்து, காய்ந்து, பழுப்புக் கறையாகி, தோலைப் புண்ணாக்கும். தாடை சிறுத்துப் பற்கள் கோணி நிற்கும். தட்டில் இருக்கும் தீனியை வாயால் கவ்வவே திணறும். பிரசவத்திலும் சிக்கல் அதிகம்.

இதையெல்லாம் ஏசி அறையில் வைத்துச் சமாளிக்கலாம் என்பார்கள். நம் ஊரில் சித்திரை, வைகாசியில் என்ன வெயில் அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். மத்தியானம் கரண்ட் போனால் என்ன செய்வீர்கள்? பூனை நாயைப் போல வாய் திறந்து மூச்சு வாங்கும் பிராணி அல்ல. பூனை வாய் திறந்து இரைத்தால் அது ஆபத்தில் இருக்கிறது என்று அர்த்தம். மூக்கே அடைந்த பூனைக்கு அந்த நிலை சீக்கிரம் வரும். ஈரத் துணியால் பாதத்தையும் வயிற்றையும் துடைத்தபடியே மருத்துவரிடம் ஓடுங்கள், ஐஸ் வைக்காதீர்கள்.

உயர்ந்த ஜாதி என்ற பேச்சுக்கு வருகிறேன். 1871 ஜூலை 13-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஹாரிசன் வேர் முதல் பெரிய பூனைக் கண்காட்சியை நடத்தினார். அந்தக் காலத்துப் படங்களில் பர்ஷியனுக்கு மூக்கு மூக்காகவே இருக்கிறது. தட்டை முகம் பிற்காலத்து வளர்ப்பாளர்களும் நடுவர்களும் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து உண்டாக்கியது. பழைய அசல் எது என்றால் டால் ஃபேஸ்தான்.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இது புரியாமல் இருக்கக் கூடாது. சிப்பிப்பாறை நாயைப் பாருங்கள். நீண்ட முகம், ஒட்டிய வயிறு, குட்டை முடி. கரிசல் காட்டு வெயிலில் ஓடுவதற்கு ஏற்ற உடம்பைத் தாத்தன் பூட்டன் காலத்திலிருந்து பார்த்துப் பார்த்து எடுத்தார்கள். அந்த மண்ணில் நின்றுகொண்டு மூச்சுவிட முடியாத பிராணிக்கு அதிக விலை கொடுக்கலாமா? நீங்கள் கொடுக்கும் காசுதான் அடுத்த ஈற்றையும் போட வைக்கிறது. ஸ்காட்டிஷ் ஃபோல்டுக்கும் இதையேதான் சொல்வேன். மடிந்த காது குருத்தெலும்பு நோயின் அடையாளம். அதே நோய் கால் மூட்டையும் வாலையும் பிடித்து, நடக்கவே வலிக்க வைக்கும்.

கே: பர்ஷியனுக்கு முடி சடை பிடித்துவிட்டது. வெயிலுக்கு வீட்டிலேயே மொட்டை அடித்துவிடட்டுமா?
– டி.எல்., ஸ்ரீவில்லிபுத்தூர்

ப: கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். பூனைத் தோல் மிக மெல்லியது. சடையை இழுத்தால் தோலும் கூடவே எழும்பும், வெட்டு தோலில்தான் விழும். அப்படி வந்த பூனைகளுக்குத் தையல் போட்டு எனக்கு அலுத்துவிட்டது. முற்றிய சடையை மருத்துவரிடம் மெஷினில் எடுங்கள். இனி தினமும் பல் அகன்ற இரும்புச் சீப்பால் அடிமுடி வரை வாருங்கள். எல்லாரும் முதுகை மட்டும் வாரிவிட்டுத் திருப்தியாகிவிடுகிறார்கள். சடை பிடிப்பது அக்குள், தொடையிடுக்கு, காதுக்குப் பின்புறம். முடி கொட்டி வட்டமாகச் செதில் தெரிந்தால் படர்தாமரை, வீட்டுக் குழந்தைகளுக்கும் ஒட்டும்.

கே: கணவர் ஃபயர் ஆபீஸில் (பட்டாசு ஆலையில்) வேலை பார்க்கிறார். வீட்டுக்கு வந்ததும் பூனை மடியில் ஏறிவிடும். கெடுதல் உண்டா?
– வாசகி, வெம்பக்கோட்டை சாலை

ப: உண்டு. நல்ல கேள்வி கேட்டீர்கள். பூனை தன் முடியில் விழுந்த எதையும் நக்கியே சுத்தம் செய்யும், நீள முடியில் தூசி நிறையத் தங்கும். உடுப்பில் ஒட்டிய அலுமினியப் பவுடரும் கந்தகமும் அப்படியே வயிற்றுக்குள் போகும். பேரியம் உப்பு போனால் வாந்தி, தசைத் தளர்ச்சி, இதயத் துடிப்பில் கோளாறு வரை வரலாம். வேலை உடுப்பை வாசலிலேயே மாற்றி, குளித்துவிட்டுப் பூனையைத் தூக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளைத் தூக்குவதற்கும் இதே விதிதான்.

கே: நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைக்கும் கொஞ்சம் போடலாமா?
– சி., ராஜபாளையம்

ப: கூடாது. நாய் மருந்துகள் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு வலிப்பு வரவைத்துக் கொல்லும். பாராசிட்டமாலும் அப்படியே, அரை மாத்திரைகூட வேண்டாம்.

கே: எங்கள் கடுவன் இரண்டு நாளாக மண்தொட்டியில் போய்ப் போய் உட்கார்ந்து முக்குகிறது. மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் கொடுத்தோம். வேறு என்ன கொடுக்கலாம்?
– கே.ஆர்., சிவகாசி

ப: எதுவும் கொடுக்காதீர்கள். கடுவன் முக்கினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது சிறுநீர் அடைப்பு. ஓரிரு நாளில் உயிரை எடுத்துவிடும். இதற்கெல்லாம் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டு இருக்கலாமா? உங்கள் கடிதம் கிடைத்ததும் ஆசிரியர் குழு உங்களைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிட்டது. மற்றவர்களுக்காக எழுதுகிறேன்: தொட்டி நனையாமல் கடுவன் முக்கினால் அன்றைக்கே, அந்த மணியிலேயே தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் வாருங்கள்.