பிளம்ஸ் கன்று வாங்கும் முன்

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதம் வந்தது. கொடைக்கானல் வீட்டுக்குப் பின்னால் இடம் சும்மா கிடக்கிறது, பிளம்ஸ் வைக்கலாமா, எந்த ரகம் நல்ல இனிப்பு என்று கேட்டிருக்கிறாய். தாராளமாக வை. ஆனால் இனிப்பை அப்புறம் பார்க்கலாம். அக்கம்பக்கத்தில் யார் வீட்டில் பிளம்ஸ் நிற்கிறது, அது என்ன ரகம் என்று முதலில் விசாரி.

நம் மலையில் விளைவது ஜப்பான் வகை. ஐரோப்பிய வகைக்கு நீண்ட கடுங்குளிர் வேண்டும், இதற்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் ஒரு பிடிவாதம் உண்டு: பெரும்பாலான ரகங்கள் தம் மகரந்தத்தில் காய் பிடிக்காது. மரம் முழுக்க வெள்ளையாகப் பூத்து அத்தனையும் உதிர்ந்துவிடும். அதே ரகத்தில் இன்னொரு கன்று வைத்தும் பயனில்லை. ஒட்டுக்கன்றுகள் எல்லாம் ஒரே மரத்தின் கிளைகள்தானே. ரகம் வேறாக வேண்டும், பூக்கும் நாள் ஒன்றாக வேண்டும். ரூபியோ ரகம் முந்திப் பழுக்கும், கெல்சி ரகம் பிந்தும். அதைப் பற்றிக் கவலைப்படாதே, பூ சேர்ந்து பூக்கிறதா என்றுதான் கேட்க வேண்டும். இரண்டு மரத்துக்கு இடமில்லையென்றால், வளர்ந்த மரத்திலேயே வேறு ரகத்தின் குச்சியை ஒட்டிக் கொள்ளலாம். மகரந்தத்தைக் கொண்டு சேர்ப்பது தேனீதான், ஆகவே பூவில் தேனீ இருக்கும் நாட்களில் மருந்தடிக்கவே கூடாது.

கன்று பெரும்பாலும் பீச் வேரில் ஒட்டியதாக இருக்கும். அந்த வேருக்குத் தேங்கும் தண்ணீர் எமன். உங்கள் பக்கம் ஐப்பசி மழை நின்று பெய்யுமே, ஆகவே பள்ளமான மூலை வேண்டாம், சரிவில் வை. ஒட்டுப்போட்ட இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். அதற்குக் கீழே துளிர்ப்பதெல்லாம் பீச்தான், கிள்ளி எறி. மரத்துக்கு மரம் 4 மீட்டராவது விடு.

கவாத்தில்தான் பலர் மரத்தைக் கெடுக்கிறார்கள். பீச் போன வருடக் குச்சியில் காய்க்கும், அதனால் வருடாவருடம் பலமாக வெட்டுவார்கள். பிளம்ஸ் அப்படியல்ல. பழைய கிளைகளில் விரல் நீளத்துக்குக் கட்டை கட்டையாக நிற்கும் குறுங்குச்சிகளில்தான் பெரும்பாலும் காய்க்கும், அவை பல வருடம் பலன் தரும். பார்க்க முரடாக இருக்கிறதென்று வழித்துவிட்டால் பழமும் போச்சு. நட்டவுடன் இரண்டரை அடி உயரத்தில் நுனியை வெட்டி, நாலாபக்கமும் மூன்று நான்கு கிளை விட்டு, நடுவைத் திறந்து வை, வெயில் உள்ளே இறங்கட்டும். பிறகு இலையுதிர்ந்து நிற்கும் மார்கழியில், காய்ந்ததையும் ஒன்றோடொன்று உரசுவதையும் மட்டும் எடுத்தால் போதும்.

காய் கோலிக்குண்டு அளவில் இருக்கும்போது நாலு விரலுக்கு ஒன்றாக விட்டுப் பறித்துவிடு. உனக்கு மனசு வராது, தெரியும். பறிக்காவிட்டால் கிளை முறியும், பழமும் சிறுக்கும்.

பழ ஈ வரும். விழுந்த பழத்தை அன்றன்றைக்குப் பொறுக்கி ஆழமாகப் புதை. குரங்குக்கு என்னிடம் வழியில்லை. வலை கட்டிப் பார், கிழிக்கத்தான் செய்யும்.

பக்கத்து ரகங்களை விசாரித்து எழுது. நாற்றுப்பண்ணைக்கு நானும் வருகிறேன். ஒட்டு சரியாகக் கூடியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துதான் வாங்க வேண்டும்.

அன்புடன்,
உன் மாமா