ஜூடோ: வீழ்த்தும் கலையா, விழும் கலையா?

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். குதிகால்கள் சுவரைத் தொடும்படி நிமிர்ந்து நில்லுங்கள். ஒரு முழம் முன்னால் தரையில் ஒரு பென்சிலை வையுங்கள். முழங்காலை மடக்காமல், பாதத்தை நகர்த்தாமல் அதைக் குனிந்து எடுங்கள், பார்க்கலாம்! முன்பக்கம் சாய்ந்துவிடுகிறீர்கள் அல்லவா?

காரணம் எளியது. நாம் குனியும்போது இடுப்பு தானாகவே பின்னுக்குப் போகும். அதனால் உடலின் புவியீர்ப்பு மையம் பாதங்களுக்கு நேர் மேலேயே இருக்கும். இப்போது சுவர் தடுப்பதால் மையம் பாதங்களைத் தாண்டி முன்னே போய்விடுகிறது. உடல் நிலைகுலைகிறது. ஜூடோ வீரர் தம் எதிராளியை முதலில் இந்த நிலைக்குத்தான் கொண்டுவருகிறார். வீழ்த்துவது அதற்குப் பிறகுதான்.

ஜூடோவை உருவாக்கியவர் ஜப்பானைச் சேர்ந்த ஜிகோரோ கானோ. சிறு வயதில் உடல் மெலிந்து, பிறரிடம் அடி வாங்கியதால் 'ஜூஜுட்சு' என்ற பழைய மற்போர்க் கலையைக் கற்கத் தொடங்கினார். 1882-இல், தமது 21-ஆம் வயதில், டோக்கியோவில் ஒரு புத்தர் கோயிலில் 'கோடோகான்' பயிற்சிக் கூடத்தைத் தொடங்கினார்.

கானோ ஒரு கணக்குச் சொன்னார். எதிராளியின் பலம் 10 பங்கு. உங்கள் பலம் 7 பங்கு. அவர் தள்ளும்போது எதிர்த்து நின்றால் தோற்பீர்கள். எதிர்க்காமல் பின்வாங்கினால்? அவர் நிலைதடுமாறுவார். அந்தக் கணத்தில் அவருடைய பலம் 3 பங்குதான். உங்கள் 7 பங்கில் பாதியே போதும்!

பழைய கலையில் உயிருக்கே ஆபத்தான அடிகளும் பிடிகளும் இருந்தன. கானோ அவற்றைப் போட்டிப் பயிற்சியிலிருந்து நீக்கினார். முறைப்படி செய்துகாட்டும் பயிற்சியில் மட்டும் வைத்துக்கொண்டார். "அப்படியானால் ஜூடோ தற்காப்புக்கு உதவாதே!" என்கிறீர்களா? நடந்தது நேர்மாறு. ஆபத்தான அடியைத் தோழன்மீது முழு வேகத்தில் பழக முடியாது. ஆபத்து நீங்கியதும், உண்மையாகவே எதிர்க்கும் ஒருவருடன் முழு பலத்தோடு தினமும் பழக முடிந்தது. அந்தப் பழக்கம்தான் ஆபத்து வேளையில் கைகொடுக்கும்.

ஜூடோவில் முதற்பாடம் வீழ்த்துவது அன்று, விழுவது! மோவாயை மார்போடு ஒட்டி, முதுகை வளைத்து உருண்டு, கையால் பாயை அறைந்து விழ வேண்டும். உருள்வதால் உடலின் வேகம் சற்று நீண்ட நேரத்தில் குறைகிறது. கையும் சேர்வதால் மோதல் அதிகப் பரப்பில் பகிரப்படுகிறது. தலையும் தரையில் மோதாது.

வீழ்த்துபவருக்கும் ஒரு கடமை உண்டு. தோழனின் சட்டைக் கையை விடாமல் பிடித்து, அவர் பத்திரமாக விழ உதவ வேண்டும். அவருக்கு அடிபட்டால் நாளை உங்களுக்குப் பயிற்சி ஏது? ஆற்றலை வீணாக்காமல் நன்கு பயன்படுத்துதல், தானும் பிறரும் சேர்ந்து உயர்தல் ஆகிய இரண்டையும் கானோ ஜூடோவின் கொள்கைகளாக வைத்தார். 'ஜுட்சு' என்றால் நுட்பம். 'டோ' என்றால் வழி. பெயரை மாற்றியதன் பொருள் இப்போது விளங்குகிறதல்லவா? தற்காப்பும் பண்பும் ஒரே பயிற்சியின் இரு பக்கங்கள்.

1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோவும் இடம்பெற்றது. ஆனால் நம்மைப் பெரும்பாலும் வீழ்த்துவது எதிராளி அல்ல. சைக்கிளும் ஈரத் தரையும்தான்! வம்புக்கு வருபவனிடமிருந்து விலகிப் போவதே முதல் தற்காப்பு. இந்தப் பயிற்சிகளை ஆசிரியர் இல்லாமல், பாய் விரிக்காமல் செய்து பார்க்காதீர்கள்.

யோசியுங்கள்: ஓடும் பேருந்தில் நிற்கும்போது கால்களை அகற்றி வைக்கிறோமே, ஏன்?