பாரிசவாதத்தின் பின் வரும் களைப்பு

"ஆள் நடக்கிறார், வடிவாய்க் கதைக்கிறார். பிறகேன் எந்த நேரமும் படுக்கை?" பாரிசவாதம் வந்து தேறியவர்களைப் பற்றி எம்மவர் இப்படிக் கேட்பதுண்டு. என்னைப் பற்றியும் கேட்டார்கள். சில நாட்களில் நானே என்னைக் கேட்டேன்.

மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ பாரிசவாதம் ஏற்படுகிறது. அதன் பின்னர் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்குக் கடுங்களைப்பு வருகிறது. இலேசான தாக்கம் கண்டு, கை கால் முற்றாகத் தேறியவர்களுக்கும் வரலாம். சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். இரவு முழுவதும் நித்திரை கொண்டாலும் இது தீராது. முன்பு தானாக நடந்த காரியங்களுக்கு மூளை இப்போது கூடுதலாக உழைக்க வேண்டியிருப்பது ஒரு காரணம் எனக் கருதப்படுகிறது. எனவே இது சோம்பல் அன்று.

முதலில் குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கள். இரத்தச்சோகை, தைரொயிட் குறைபாடு, நித்திரையில் மூச்சுத் தடைப்படுதல், மனச்சோர்வு, சில மருந்துகள் என்பனவும் களைப்பைக் கூட்டும். அவற்றுக்குப் பரிகாரம் உண்டு. ஆனால் எந்த மருந்தையும் நாமாக நிறுத்தக் கூடாது. விரதம் பிடிப்பதாயின் வைத்தியரைக் கேட்டே பிடிக்க வேண்டும்.

அடுத்தது வரவு செலவு. எனக்கு வருத்தம் வந்து எட்டு மாதத்தில் தேர்த்திருவிழா வந்தது. அன்று உற்சாகமாக இருந்ததால் காலை முதல் மாலை வரை அர்ச்சனைச் சீட்டு மேசையில் இருந்தேன். பின்னர் மூன்று நாள் எழும்ப முடியவில்லை. கணக்காளனாக இருந்தும், கையிருப்பைப் பாராமல் செலவழித்துவிட்டேன். அதன் பின் நான் கைக்கொள்ளும் முறைகள் இவை:

1. எந்த வேலைக்குப் பின் களைக்கிறது, எந்த நேரம் தெளிவாக இருக்கிறது என்று ஒரு வாரம் கொப்பியில் எழுதுதல்.

2. கடினமான வேலையைத் தெளிவான நேரத்தில் செய்தல். முழுக்கு, கடை, கோயில் மூன்றையும் ஒரே காலையில் வையாதிருத்தல்.

3. களைக்க முன்னரே ஓய்வெடுத்தல்.

4. நல்ல நாளில் அளவு மீறாதிருத்தல். கூடாத நாளிலும் முற்றாகப் படுத்துவிடாமல், சிறு நடையில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுதல்.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். இரைச்சலும் நீண்ட கதையும் கூடக் களைப்பைத் தரும். பார்க்க வருவோர் சிறிது நேரம் இருந்து போவது பெரும் உதவி. அவர் "ஏலாது" என்றால் நம்புங்கள்.

ஆனால் திடீரென முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ களைப்பென்று இருந்துவிடாதீர்கள். பிரித்தானியாவில் உடனே 999 இலக்கத்தை அழையுங்கள்.

இம்முறையும் எம்பெருமான் அருளால் தேருக்கு வருவேன். ஒரு மணித்தியாலம் மட்டும். யாராவது ஒரு கதிரை போட்டுத் தாருங்கள்.