மழைநாட்டில் கெமராவுக்கு ஓர் உலர்பெட்டி

கேள்வி: கெமரா லென்ஸில் பூஞ்சணம் பிடிக்காமல் வீட்டிலேயே பாதுகாக்க வழி உண்டா?
– வாசகர், ஓப்பநாயக்க

பதில்: லென்ஸ் பூஞ்சணத்துக்கு முதற்காரணம் காற்றின் ஈரப்பதம். உங்கள் மாவட்டத்தின் இரத்தினபுரி நகரில் ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கும் அதிகமாக மழை பெய்கிறது. ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால், கண்ணாடியில் சிலந்திவலை போன்ற மெல்லிய இழைகள் படரும். அவை சுரக்கும் அமிலம் மேற்பூச்சை அரித்துவிட்டால், துடைத்தாலும் தழும்பு போகாது.

மூடியில் ரப்பர் வளையம் உள்ள, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியே இதற்குப் போதும். அடியில் சிலிக்கா ஜெல்லைத் துணிப்பையில் கட்டி வைத்து, அருகே சிறிய ஈரப்பதமானி ஒன்றையும் வைக்க வேண்டும். முள் 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்பது நல்லது. அதற்கும் மிகக் குறைந்தால் ரப்பர் பாகங்கள் வறண்டுபோகலாம். சிலிக்கா ஜெல்லின் ஆரஞ்சு நிற மணிகள் பச்சையாக மாறினால் ஈரத்தால் நிறைந்துவிட்டன என்று பொருள். சமையலுக்குப் பயன்படாத பழைய சட்டியில், மெல்லிய சூட்டில் நிறம் திரும்பும்வரை வறுத்து, ஆறியபின் மீண்டும் பயன்படுத்தலாம். நீல மணிகளில் நச்சுத்தன்மையுள்ள கோபால்ட் குளோரைட் இருப்பதால் அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

தோல் உறை ஈரத்தைப் பிடித்துவைக்கும். அதைப் பெட்டிக்கு வெளியே வைக்க வேண்டும். மழையில் நனைந்த கெமராவை நன்றாகத் துடைத்து உலர்த்திய பிறகே பெட்டியில் வைக்க வேண்டும். பழைய நெகட்டிவ்களையும் இதே முறையில் பாதுகாக்கலாம்.