வள்ளியும் எங்க அப்பத்தாவும்



தைப்பூசத்தன்னைக்கு வீட்ல தேனும் தினைமாவும் பிசைஞ்சுட்டு இருந்தோம். அப்பத்தா சிரிச்சுக்கிட்டே, "நானும் வள்ளி மாதிரி பரண்ல உக்காந்தவதான்டா. என்ன, அடுத்தவங்க சோளக்காடு" என்றார். உடனே அப்பா, "அதெல்லாம் இன்னைக்குச் சொல்லாதீங்கம்மா" என்றார். சாயங்காலம் பொண்ணு வீட்டுக்காரங்க எங்க வீடு பார்க்க வர்றதா இருந்தது.

வள்ளி காவல் காத்ததைக் கொண்டாடுறோம், அப்பத்தா காத்ததை ஏன் மறைக்கிறோம்? எனக்கு உறுத்துச்சு.

யோசிச்சுப் பாருங்க. தினை மானாவாரிப் பயிர், சுமார் 3 மாசத்துல விளையும். மலைச்சரிவுல காட்டைத் திருத்தி விதைச்ச புனம் அது. கதிர் முற்றினால் பகல்ல கிளிக்கூட்டம், ராத்திரி யானை, பன்றி. சங்கப் பாடல்கள்ல பகல் காவல் பெண்களுக்கு, ராக்காவல் ஆண்களுக்கு. நம்ம ஆபீஸ் ஷிஃப்ட் மாதிரியேதான்! வீட்டு ஆளுங்களே காக்கணும். அதனாலதான் வேடர் தலைவன் நம்பிராஜன் மகளே பரண் ஏறினாள். அங்கே அது தாழ்ந்த வேலை இல்லை. தலைவியைப் பார்க்கத் தலைவன் புனத்துக்குத்தான் வரணும், அறுவடை முடிஞ்சா சந்திப்பும் முடிஞ்சது. நம்ம முருகனும் வள்ளியைத் தேடிப் புனத்துக்குத்தான் போனார்.

ஆத்துப் பாசன நெல் வயல்ல கதை வேற. நிலம் ஒருத்தருக்கு, நாத்து நடுறது இன்னொருத்தர். மிச்சம் விளையுது, கூலிக்கு ஆள் வைக்க முடியுது. அப்புறம் வயல்ல இறங்காத பொம்பளைதான் வசதியான வீட்டுக்கு அடையாளம் ஆயிட்டா. அப்பாவோட கூச்சம் அங்கிருந்து வந்ததுன்னு நினைக்கிறேன். அவரைக் குறை சொல்லல, அவர் படிச்சு மேலே வந்ததே அந்தக் கூலியிலதான்.

தினை மட்டும் படையல்ல தங்கிடுச்சு. திருமுருகாற்றுப்படையிலயே முருகனுக்குத் தினை படைக்கிறாங்க. இன்னைக்கு நான் அதை ஆப்ல ஆர்டர் பண்றேன், பாக்கெட்ல வருது.

சாயங்காலம் அவங்க வந்தாங்க. பேச்சு ஊர்ப்பக்கம் திரும்பினப்போ, "எங்க அப்பத்தா பரண்ல காவல் இருந்தவங்க"ன்னு நானே சொல்லிட்டேன். அப்பா தரையைப் பார்த்தார். பொண்ணோட அம்மா எழுந்து அப்பத்தா பக்கத்துல போய் உக்காந்தாங்க.

"கவண் வீசுவீங்களா, தகரம் தட்டுவீங்களாம்மா?"

"ரெண்டும்தான் தாயி. தகரச் சத்தம் நாலு நாள்ல கிளிக்குப் பழகிப்போயிரும்."