ஆளில்லாமல் திரும்பிய கலம்

சிரஞ்சீவி மீனாட்சிக்கு,

தனியார் ராக்கெட் கம்பெனி ஒன்றில் உனக்கு உத்தியோகம் கிடைத்திருக்கும் செய்தி அறிந்து அளவற்ற சந்தோஷம் அடைந்தேன். ஆனால், ஸ்டார்லைனர் விண்கலம் ஆளில்லாமலே பத்திரமாகத் தரையிறங்கியதைச் சுட்டி, நாசா வீணாகப் பயந்து இரண்டு பேரை மாதக்கணக்கில் மேலேயே நிறுத்திவிட்டதென்று உன் நண்பர்கள் பரிகசிப்பதாகவும், உனக்கும் அது நியாயமாகவே படுவதாகவும் எழுதியிருக்கிறாயே, அந்த அபிப்பிராயத்தோடு நீ வேலையில் சேர்வது எனக்குச் சம்மதமில்லை.

மனிதரை விண்வெளி நிலையத்துக்கு ஏற்றிச் செல்லும் காரியத்தை நாசா 2014-ஆம் ஆண்டில் போயிங், ஸ்பேஸ்எக்ஸ் என்னும் இரண்டு கம்பெனிகளிடம் ஒப்படைத்தது, ஒன்று தவறினாலும் மற்றொன்று கைகொடுக்கும் என்ற முன்யோசனையால்தான். 2024 ஜூன் 5-ஆம் தேதி புட்ச் வில்மோரும் சுனிதா வில்லியம்ஸும் ஏறக்குறைய எட்டு நாள் பிரயாணமாகப் போயிங்கின் ஸ்டார்லைனரில் புறப்பட்டார்கள். வழியில் ஹீலியம் கசிந்தது; நிலையத்தை நெருங்கும் சமயத்தில், கலத்தைத் திருப்பி நிறுத்தும் 28 சிறு உந்துபொறிகளில் ஐந்து அடங்கிப்போய், பின்பு நான்கு மட்டும் உயிர்பெற்றன. அதே ஜாதிப் பொறி ஒன்றைப் பூமியில் வைத்து எரித்துப் பரீட்சித்தபோது, வால்வினுள் இருந்த சிறு டெஃப்லான் அடைப்பு உஷ்ணத்தால் உப்பி, எரிபொருளை எரியவைக்கும் ஆக்சிஜனேற்றி பாயும் வழியைக் குறுக்குவது புலப்பட்டது. மேலே இருந்த பொறிகளில் அந்த வீக்கம் எவ்வளவு, திரும்பும் வழியில் அது இன்னும் வளருமா என்பதை நிச்சயமாகச் சொல்ல ஒருவராலும் இயலவில்லை. அப்பொறிகள் பொருந்திய பகுதியோ, இறங்குமுன் கழற்றிவிடப்பட்டு ஆகாயத்திலேயே எரிந்துபோவது. பிற்பாடு எடுத்துப் பார்க்கவும் மார்க்கமில்லை. கலத்தை நம்பலாம் என்று போயிங் சொல்லியும், ஆகஸ்டு 24-ஆம் தேதி நாசா மறுத்துவிட்டது. செப்டம்பரில் கலம் வெறுமையாக வந்திறங்கியது. அவ்விருவரும் 2025 மார்ச்சு 18-ஆம் தேதி ஸ்பேஸ்எக்ஸின் டிராகனில் திரும்பினார்கள்.

கண்ணை மூடிக்கொண்டு சாலையைக் கடந்தவன் மறுபுறம் சேர்ந்துவிட்டான் என்பதற்காக, கண் திறந்து நின்றவனைக் கோழை என்போமா? ஒரு தீர்மானத்தின் குணத்தை, அது செய்யப்பட்ட வேளையில் கைவசமிருந்த ஞானத்தைக் கொண்டு எடைபோட வேண்டுமேயன்றி, பின்னால் வந்த பலனைக் கொண்டு அல்ல. சாலஞ்சர் விண்ணோடம் அழிவதற்கு முந்திய விண்ணோடப் பயணங்கள் சிலவற்றிலேயே, ராக்கெட் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் அரிக்கப்பட்டிருந்தன. அவை பத்திரமாகத் திரும்பிவிட்டதே அபாயம் இல்லை என்பதற்கு அத்தாட்சியாகக் கொள்ளப்பட்டது. 1986 ஜனவரி 27-ஆம் தேதி இரவு, கடுங்குளிரில் அவ்வளையங்கள் விறைத்துப்போகும், சாலஞ்சரை ஏவ வேண்டாம் என்று பொறியாளர்கள் மன்றாடியும் மேலதிகாரிகள் இணங்கவில்லை. மறுநாள் ஏழு பேர் மாண்டார்கள்.

தனியார் கம்பெனியில் முதலீடு செய்தவரின் அவசரமும், போட்டியாளரின் வேகமும், குறித்த தேதியின் நிர்ப்பந்தமும் உன்னைச் சூழ்ந்தே நிற்கும். அவற்றைப் பழிக்க வேண்டாம். ராக்கெட்டை மலிவாக்கியதும், ஏவிய ராக்கெட்டின் கீழ்ப்பகுதியை நிமிர்ந்தபடியே இறக்கி மீண்டும் பறக்கவிட்டதும் அந்த அவசரத்தின் புண்ணியந்தான். ஆயினும் சென்னை அக்னிகுல் கம்பெனியார், பன்முறை நிறுத்தி ஒத்திவைத்த பின்னரே, 2024 மே 30-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தங்கள் முதல் ராக்கெட்டை ஏவினார்கள் என்பதையும், அந்த ஒத்திவைப்புகளால் அவர்கள் கீர்த்தி அணுவளவும் குறையவில்லை என்பதையும் நினைவில் வை.

சந்தேகம் தோன்றினால் அதை மனத்துக்குள் புதைக்காமல், எந்த அளவு எந்த எல்லையை மீறியது, எந்தப் பரீட்சை செய்தால் அது தெளியும் என்று எழுதிக் கொடு. நாளைக்கு நீ மேலதிகாரியாகும்போது, உனக்குக் கீழே உள்ள சிறு பெண் ஒருத்தி அப்படி எழுதிக் கொண்டுவந்தால், கடிகாரத்தைப் பாராமல் வாசி. கெட்டிக்காரி என்ற பெயர் உனக்குத் தானாகவே வரும். "இன்று வேண்டாம்" என்று சொல்லக் கூசாதவள் என்ற பெயரை முதலில் சம்பாதித்துக்கொள்.

உன் க்ஷேமத்தைக் கோரும்,
பெரியப்பா