ஓடுதளம் மட்டும் போதுமா?



இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் சித்தப்பா சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குக் கிளம்பினார். விழுப்புரத்தில் ஒரு வேன் பேசி, ஒன்பது பேர் ஏறி, திண்டிவனம், மேல்மருவத்தூர், செங்கல்பட்டு என்று ஜி.எஸ்.டி. சாலையிலேயே போய் மீனம்பாக்கத்தில் இறக்கி விட்டுவிட்டு வந்தோம். திரும்பும்போது திண்டிவனத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். அப்போது பாட்டி கேட்டாள்: "ஏண்டா, பாண்டிச்சேரியிலயும் ஏரோப்ளேன் எறங்குதாமே, அங்கேயே ஏறியிருக்கக் கூடாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். ஆனால் வேன் மறுபடி கிளம்பிய பிறகு யோசித்துப் பார்த்தால், சிவில் படிக்கிற எனக்கே பதில் தெரியவில்லை. நூலகத்தில் விமான நிலையப் பொறியியல் புத்தகத்தைத் தேடி எடுத்தது அதற்குப் பிறகுதான்.

முதலில் பாட்டி சொன்ன பாண்டிச்சேரி. விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் சுமார் 40 கிலோமீட்டர். அங்கே லாஸ்பேட்டையில் விமான நிலையம் இருக்கிறது. 2013-ல் புதிய முனையம் திறந்தார்கள். விமானம் வந்தது, நின்றது, மறுபடி வந்தது. 2024 டிசம்பரில் இண்டிகோ பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் ஏ.டி.ஆர். விமானம் விட ஆரம்பித்தது. ஏ.டி.ஆர். என்பது விசிறி வைத்த சின்ன விமானம், எழுபத்தெட்டு பேர் வரைதான் போகலாம். ஏன் அதை மட்டும் விடுகிறார்கள் என்றால், அங்கே ஓடுதளத்தின் நீளம் 1,500 மீட்டர். சிங்கப்பூர் போகிற ஜெட் விமானம் முழு எடையோடு கிளம்ப அது பத்தாது. நீட்டலாமே என்றால், அடுத்த நிலம் தமிழ்நாட்டு எல்லைக்குள், நம் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. இரண்டு அரசுகள் பேசி முடிக்க வேண்டிய விஷயம்.

இந்த நீளக் கணக்கு நமக்கு ரொம்பப் பயன்படும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கடல் மட்டத்தில், 15 டிகிரி வெப்பத்தில், காற்றில்லாமல், சமதளத்தில் ஒரு விமானத்துக்குத் தேவைப்படும் நீளம்தான் அடிப்படை நீளம். நம் ஊரில் 15 டிகிரி எங்கே இருக்கிறது? மார்கழி விடியற்காலையில்கூட இல்லை. காற்று சூடானால் அடர்த்தி குறையும், இறக்கைக்குத் தூக்கும் சக்தி குறையும், இன்ஜினும் சோம்பும். அதனால் இன்னும் கொஞ்ச தூரம் ஓடித்தான் எழும்ப வேண்டும். இதற்கு இக்காவோ என்கிற சர்வதேச அமைப்பு திருத்தம் சொல்லியிருக்கிறது. உயரத்தில் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் 7 சதவீதம், வெப்பத்தில் ஒவ்வொரு டிகிரிக்கும் 1 சதவீதம் கூட்ட வேண்டும்.

மதுரையை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். உயரம் சுமார் 140 மீட்டர். அடிப்படை நீளம் 2,000 மீட்டர் என்றும், கணக்குக்கான வெப்பம் 34 டிகிரி என்றும் நானாக வைத்துக்கொண்டேன். உயரத்துக்கு 65 மீட்டர் கூடுகிறது, ஆக 2,065. அந்த உயரத்தில் நிலையான வெப்பம் 14.1 டிகிரி. வித்தியாசம் 19.9, அதாவது 19.9 சதவீதம். அதற்கு 411 மீட்டர். மொத்தம் 2,476 மீட்டர். சரிவுக்கான திருத்தம் இதில் சேரவில்லை. மதுரை ஓடுதளம் எவ்வளவு தெரியுமா? 2,286 மீட்டர்.

அப்படின்னா மதுரையில் ஜெட் எழும்பாது என்று நினைத்துவிடாதீர்கள். எழும்புகிறது. எடையைக் குறைத்துக்கொண்டு எழும்பும். எரிபொருளைக் குறைத்தால் தூரம் குறையும், சரக்கைக் குறைத்தால் வருமானம் குறையும். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லி விமானத்தின் வயிற்றில்தான் வெளிநாடு போக வேண்டும். வெயில் நேரத்தில் முதலில் இறக்கி வைக்கப்படுவது அந்த மாதிரி சரக்குதான்.

இதுவரை நம் சிவில் பாடம். ஓடுதளத்தை நீட்டினால் மதுரைக்கு எல்லா நாட்டு விமானமும் வந்துவிடும் என்றுதான் நானும் எழுத நினைத்தேன். ஆனால் பக்கத்துத் திருச்சியைப் பார்த்ததும் குழப்பம் வந்துவிட்டது. திருச்சி ஓடுதளமும் சுமார் 2,480 மீட்டர்தான். மதுரையைவிட இருநூறு மீட்டர் கூட. ஆனால் சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, வளைகுடா என்று அங்கிருந்து பறக்கிறார்கள். ஏர் ஏசியா 2008-ல் இந்தியாவுக்குள் முதன்முதலில் வந்து இறங்கியதே திருச்சியில்தான், சென்னையில் இல்லை!

காரணம் காகிதத்தில் இருக்கிறது. 1944-ல் சிகாகோவில் நாடுகள் சேர்ந்து ஒப்புக்கொண்ட விதிப்படி, ஒரு நாட்டின் ஆகாயம் அந்த நாட்டுக்கே சொந்தம். வெளிநாட்டு விமானம் வர வேண்டுமென்றால் இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் போட வேண்டும். வாரத்துக்கு எத்தனை இருக்கை, எந்தெந்த ஊரில் இறங்கலாம் என்று அதில் எழுதியிருக்கும். பட்டியலில் இல்லாத ஊருக்கு, எவ்வளவு பெரிய ஓடுதளம் இருந்தாலும், அந்த நாட்டு விமானம் வர முடியாது. ஆசியான் நாட்டு விமானங்கள் தாராளமாக வரலாம் என்று இந்தியா திறந்துவிட்ட 18 ஊர்களில் திருச்சி உண்டு, மதுரை இல்லை.

இந்திய விமானக் கம்பெனிகளுக்கு இந்தத் தடை கிடையாது. சுங்கமும் குடியேற்றச் சோதனையும் உள்ள எந்த ஊரிலிருந்தும் கிளம்பலாம். அப்படித்தான் மதுரைக்கு வழி பிறந்தது. 2010-ல் புதிய முனையம் வந்தது. 2012-ல் சுங்க விமான நிலையம் ஆனது, அதே செப்டம்பரில் ஸ்பைஸ்ஜெட் கொழும்புக்குப் பறந்தது. 2013-ல் துபாய், 2017-ல் சிங்கப்பூர், 2025 ஜூனில் இண்டிகோவின் அபுதாபி. ஒவ்வொன்றுக்கும் எத்தனை மனு, எத்தனை வருஷம்! 2012 அக்டோபரில் திருச்சிக்கும் கோவைக்கும் 'சர்வதேச' பட்டம் கிடைத்தபோது மதுரைக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கோபம் அங்கே பல காலம் இருந்தது. என் அபிப்பிராயத்தில், பெயர்ப் பலகையைவிட ஒப்பந்தப் பட்டியலில் ஊர் பெயர் ஏறுவதுதான் முக்கியம். போராடுகிறவர்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

நிலத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மதுரையில் ஓடுதளத்தை 12,500 அடிக்கு, அதாவது 3,810 மீட்டருக்கு நீட்டத் திட்டம். காகிதத்தில் அது ஸ்கேல் வைத்து இழுக்கிற ஒரு கோடு. தரையில் அந்த இடத்தில் சின்ன உடைப்பு என்ற கிராமம் இருக்கிறது. 2024 நவம்பரில் அந்த ஊர் ஜனங்கள் மறுகுடியமர்வு கேட்டுப் போராடினார்கள். நமக்கு இன்னும் பக்கத்தில் பரந்தூர். 2022-ல் சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்கு அந்த இடத்தை அறிவித்ததிலிருந்து ஏகனாபுரத்துக்காரர்கள் விடாமல் எதிர்த்தார்கள். நாளைக்கு சர்வே வேலைக்கு நம்மில் யாராவது ஒருத்தர் கருவியைத் தூக்கிக்கொண்டு அப்படியொரு வயலில் இறங்க வேண்டி வரும். அப்போது வரப்பில் நிற்கிறவர் நம் அப்பா மாதிரியே இருப்பார். அதற்கு நம் புத்தகத்தில் ஃபார்முலா இல்லை. லாஸ்பேட்டையை நீட்ட நம் மாவட்டத்து நிலத்தைக் கேட்கும்போதும் இதே கேள்விதான்.

கடைசியாக ஒரு விஷயம். விமானக் கம்பெனிக்காரர்கள் ஒரு ஊரில் ஆள் இருக்கிறதா என்று பார்ப்பது அந்த ஊர் விமான நிலையத்தில் ஏறுகிற தலைகளை வைத்து. நேரடி விமானம் இல்லை என்று மதுரைக்காரர் சென்னைக்கோ திருவனந்தபுரத்துக்கோ போய் ஏறினால், கணக்கு அந்த ஊரில் விழும். 'மதுரையில் ஆள் இல்லை' என்று விமானம் வராது. விமானம் வராததால் ஆள் ஏற மாட்டார். நாமும் சென்னை கணக்கில்தான் சேர்கிறோம்.

சித்தப்பா போன மாசம் லீவு முடிந்து திரும்பினார். விழுப்புரத்திலிருந்து மீனம்பாக்கத்தைவிட திருச்சி கொஞ்சம்தான் அதிக தூரம். இந்தத் தடவை வேன் பேசவில்லை. அவரும் நானும் மட்டும் பஸ் ஏறித் திருச்சிக்குப் போனோம். புது முனையத்தைப் பார்த்து அசந்துவிட்டேன். திண்டிவனத்து டீ மட்டும் கிடைக்கவில்லை என்று சித்தப்பாவுக்குக் குறை.

- மூன்றாமாண்டு மாணவன், சிவில் துறை